படர்தாமரையும் பகுத்தறிவும்

இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட சங்கதி தோழர்கள் சிலருக்குச் சற்று அருவருப்பாகக்கூட இருக்கலாம். தலையங்கத்தில் போய் சொறி, படை இவைகளைப் பற்றியா எழுதுவது என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஆனால் காரைக்கால் பக்கத்தில் நாம் போகிற கூட்டங்களிலெல்லாம், பேச்சு முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு, யாராவது ஒரு தோழர் நம்மை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிற கேள்வி, கடவுளைப் பற்றியதாகவோ மோட்சத்தைப் பற்றியதாகவோ இருப்பதில்லை. "இந்த அரிப்புக்கு என்னதான் அய்யா செய்வது?" என்பதாகவே இருக்கிறது. கோட்டுச்சேரியிலும் இதே கேள்வி. நிரவியிலும் இதே கேள்வி. திருமலைராயன்பட்டினத்தில் ஒரே நாளில் நான்கு பேர் கேட்டார்கள். பத்துப் பேர் எதிரில் கேட்க வெட்கப்படுகிற கேள்விக்கு, எல்லோரும் படிக்கிற பத்திரிகையில் பதில் எழுதுவதுதான் சரி என்று தோன்றியது.

இந்த வெட்கத்தினால் விளைகிற கேட்டை முதலில் சொல்லுகிறோம். நெடுங்காட்டுப் பக்கத்தில் நடவு வேலைக்குப் போகிற ஒரு அம்மையார், இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்ததை ஆறு மாத காலம் கட்டிய புருஷனுக்குக்கூடத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார். முதலில் விபூதி பூசினார். பிறகு மந்திரித்த எண்ணெய். பிறகு யாரோ குறி சொல்லுகிறவன், போன ஜென்மத்தில் பாம்பை அடித்த பாவம், நாக தோஷம் என்று சொல்ல, அதற்கொரு பரிகாரம். பிறகு அண்டை வீட்டாருடைய யோசனையின்பேரில் பூண்டை அரைத்துப் போட்டதில் தோல் வெந்து புண்ணாய்ப் போயிற்று. எல்லாவற்றிற்கும் கடைசியில் மருந்துக்கடை டியூப். ஆறு மாதத்தில் அந்த அம்மையார் போகாத ஒரே இடம் வைத்தியரிடம்தான். ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, "அதைப் போய் எப்படிண்ணே டாக்டர்கிட்ட காட்டுறது?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார். சரீரத்தில் ஒரு பாகத்தை உயர்வென்றும் மற்றொரு பாகத்தைக் கேவலமென்றும் ஒரு பெண்ணுக்குச் சிறு வயது முதல் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரோ, அவர்கள்தான் இந்த ஆறு மாத உபத்திரவத்திற்கு ஜவாப்தாரிகள் என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க, இந்த வியாதி என்ன என்று பார்ப்போம். நம் ஜனங்கள் இதை வண்டுக்கடி என்கிறார்கள். இங்கிலீஷ்காரர்கள் வளையப் புழு என்று அர்த்தம் வரும்படியான பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு வண்டு, அவர்களுக்குப் புழு. உண்மையில் வண்டும் இல்லை, புழுவும் இல்லை. ஈரமான தோல் செருப்பின்மேல் வெள்ளையாகப் பூக்கிறதே, ஊறுகாய்ச் சாடியின் வாயில் படிகிறதே, அந்தப் பூஞ்சணத்தின் ஜாதியைச் சேர்ந்த ஒரு பூஞ்சைதான் இது. (ஜாதி என்றவுடன் யாரும் பயப்பட வேண்டாம். பூஞ்சைக்குள் ஜாதி இருப்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. மனிதனுக்குள் இருப்பதற்குத்தான் இல்லை.) நமது தோலின் மேலடுக்கும், மயிரும், நகமும் கெரட்டின் என்னும் பொருளாலானவை. இந்தப் பூஞ்சைக்கு அதுவே ஆகாரம். காய்ந்த புல்தரையில் விழுந்த நெருப்பு நடுவில் அவிந்து, ஓரத்தில் மாத்திரம் எரிந்துகொண்டு வெளியே பரவுவதைப்போல, இதுவும் நடுவில் தின்று தீர்த்துவிட்டு ஓரத்தில் தின்றுகொண்டே போகிறது. அதனால்தான் வட்டம் வருகிறதே தவிர, பாம்பு சுருண்டு படுத்ததனால் அல்ல.

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியுமல்ல. தலையில் வருகிற ஒருவிதப் படைக்குக் காரணம் பூஞ்சையே என்பதை டேவிட் குருபி என்னும் வைத்தியர் பாரிஸ் நகரத்து விஞ்ஞான சபைக்கு 1841ஆம் வருஷத்திலேயே எழுதிக் காட்டினார். அதே காலத்தில் பெர்லினில் ராபர்ட் ரேமாக் என்பவர், அந்தப் பூஞ்சையை எடுத்துத் தமது முன்கையிலேயே ஒட்டிக்கொண்டு, படை உண்டாகிறதா என்று காத்திருந்து பார்த்தார், உண்டாயிற்று. பாவத்தினால் வருகிறது என்று சொன்னவர்களில் எவராவது ஒருவர் ஒரு பாவத்தைச் செய்துவிட்டுப் படை வருகிறதா என்று இப்படிப் பரீட்சித்துப் பார்த்ததுண்டா என்று கேட்கின்றோம். பிறகு பாரிசில் ரேமோன் சபுரோ என்பவர் வந்து, இந்தப் பூஞ்சைகளைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, இனம் இனமாகப் பிரித்து, 1910இல் பெரிய புத்தகமே எழுதி வைத்தார். அவர் செய்த வளர்ப்புக் கூழ் இன்றைக்கும் பரிசோதனைச் சாலைகளில் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தக் காலமெல்லாம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேதான் இருந்தது; 1954 நவம்பர் 1ஆந் தேதிதான் அது கைமாறிற்று. பாரிசிலிருந்து சட்டம் வந்தது, வரி வந்தது, சாராயமும் வந்தது. பாரிசிலேயே நிரூபிக்கப்பட்ட இந்த ஒரு சிறிய உண்மை மாத்திரம் நமது தெருக்களுக்கு இன்னும் வந்தபாடில்லை.

காரைக்காலில் இது ஏன் இவ்வளவு அதிகமாகத் தலைகாட்டுகிறது என்பதற்கும் தோஷத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. பூஞ்சைக்கு வேண்டியவை மூன்று: உஷ்ணம், ஈரம், உரசல். ஒருபுறம் கடல், மற்ற மூன்றுபுறமும் அரசலாறும் அதன் வாய்க்கால்களும் பாய்கிற வயல். காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. காலையில் சேற்றில் இறங்குகிற பெண்கள் பொழுது சாய்கிற வரையில் நனைந்த புடவையோடு இருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களின் அரைத்துணி உப்புத் தண்ணீரில் ஊறியபடியே இருக்கிறது. டவுனில் இருக்கிற வாலிபர்களோ இந்த வெயிலில் இறுக்கமான முரட்டுக் கால்சட்டையைக் காலையில் மாட்டினால் இரவில்தான் கழற்றுகிறார்கள். இதற்கெல்லாம் மேலாக அரைஞாண் கயிறு ஒன்று. காத்துக் கருப்பு அண்டாமல் இருக்கப் பிறந்தது முதல் கட்டுகிற கயிறு. குளித்தாலும் அவிழ்ப்பதில்லை, துவட்டினாலும் காய்வதில்லை. இடுப்பைச் சுற்றி எப்போதும் ஒரு ஈரத்திரி கட்டியிருப்பதைப்போலத்தான். பேய் அண்டுகிறதோ இல்லையோ, பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. படை வந்தவர்களாவது முதல் காரியமாக அதை அறுத்து எறிய வேண்டியது.

இந்த இடத்தில் ஒரு ஜாதிக் கொடுமையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கள் தொடையிடுக்கில் வந்த இந்தப் படைக்கு 'தோபி அரிப்பு' என்று பெயர் வைத்தார்கள். துணி வெளுக்கிற ஏழைத் தொழிலாளிதான் அந்த வியாதியைத் துணியோடு கொண்டுவந்து கொடுக்கிறானாம்! நம்மவர்களும் அதைக் கேட்டுக்கொண்டு, சலவைத் தொழிலாளியையும் சவரத் தொழிலாளியையும் பழி சொல்ல ஆரம்பித்தார்கள். வேர்வையில் ஊறிய அரைத்துணியை மாற்றாமல் குதிரை சவாரி செய்தவன் யார்? அந்தத் துணியைக் கொதிக்கிற வெள்ளாவியில் வைத்து அவித்து, வெயிலில் உலர்த்தி, நெருப்புப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்தவன் யார்? பூஞ்சையைக் கொல்ல இன்றைக்கு வைத்தியர்கள் என்ன செய்யச் சொல்லுகிறார்களோ, அதைத்தானே அந்தத் தொழிலாளி தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டு வந்தான்? வியாதியைக் கொன்றவன் பெயரையே வியாதிக்கு வைத்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்லுவது!

இனி வைத்தியத்திற்கு வருவோம். நமது ஜில்லாவிலேயே திருநள்ளாறு இருக்கிறது. நளன் என்கிற ராஜா குளித்து சனியைத் தொலைத்தான் என்கிற புராணத்தை நம்பி, லட்சக்கணக்கான ஜனங்கள் நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து மூழ்கி, கட்டியிருந்த துணியைக் கரையிலே விட்டுவிட்டுப் போகிறார்கள். 2023 டிசம்பர் 20ஆந் தேதி சனிப்பெயர்ச்சிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சற்று வடக்கே போனால் வைத்தீஸ்வரன் கோயில். அங்கே குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் தோல் வியாதி கரையுமாம். குளத்துத் தண்ணீரால்தான் படை வருகிறது என்று நாம் சொல்லவில்லை. அத்தாட்சியில்லாமல் பேசுவது நமது வழக்கமல்ல. ஆனால் ஈர உடம்பும் ஈர உடம்பும் இடித்துக்கொண்டு நிற்பதும், ஈரத்துணியோடு சுற்றுவதும், ஒரே துண்டை நான்கு பேர் துவட்டுவதும் எந்த வியாதிக்கு வழியோ, அந்த வியாதி தீருவதற்கே அப்படிச் செய்வது விந்தையிலும் விந்தை. வெல்லம் கரைவது வெல்லத்தின் குணம். பூஞ்சைக்கு அந்தக் குணம் இல்லை.

இதுவரையில் எழுதியதைப் படித்துச் சந்தோஷப்படுகிற தோழர்களுக்கு இனிமேல் எழுதப்போவது அவ்வளவு சந்தோஷமாக இராது. ஏனென்றால், குளத்துக்குப் போகாதவர்கள், குறி கேட்காதவர்கள், நம்மைப் போன்றவர்கள், செய்கிற மூடத்தனம் ஒன்று இருக்கிறது. அது மருந்துக்கடையில் நடக்கிறது. இதில் நமது சொந்த வெட்கக்கேட்டையே சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் நமக்கே தொடையில் ஒரு வட்டம் கண்டது. நாமும் வைத்தியரிடம் போகவில்லை. ஒரு கடைக்குப் போய் நின்றோம். கடைப் பையன் நமது முகத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே, "அரிப்புதானே அண்ணே? இந்த டியூபைப் போடுங்க, ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அதில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சொன்னபடியே இரண்டு நாளில் அரிப்பு அடங்கிற்று. பலே மருந்து என்று நாலு பேருக்குச் சிபாரிசும் செய்தோம். நிறுத்தினோம், பத்து நாளில் திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிதாக. மறுபடியும் டியூப், மறுபடியும் அடக்கம், மறுபடியும் படை. இப்படியே எட்டு மாதம். கோயிலில் 'ஏன்' என்று கேட்கத் தெரிந்த நமக்குக் கடையில் கேட்கத் தெரியவில்லை.

அந்த டியூபில் இருந்தது இன்னதென்று பிற்பாடு ஒரு வைத்தியர் படித்துக் காட்டினார். பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து. அவைகளோடு க்ளோபெட்டசால் என்னும் கடுமையான ஸ்டீராய்டு. இந்த ஸ்டீராய்டு வகையறாக்கள் பூஞ்சையைக் கொல்லுவதில்லை. அரிப்பும் சிவப்பும் தடிப்பும் உண்டாவது, உள்ளே வந்த பூஞ்சையோடு நமது சரீரம் போராடுவதனால். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை நிறுத்திவிடுகிறது. வீட்டில் திருடன் புகுந்து நாய் குரைத்தால், திருடனைப் பிடிப்பதற்குப் பதிலாக நாயின் வாயைக் கட்டிவிட்டு, சத்தம் நின்றதே என்று படுத்துத் தூங்குவது எப்படியோ அப்படி. திருடன் சாவகாசமாக எல்லா அறைக்கும் போகிறான். வட்டம்கூட மறைந்து, படையா வேறெதுவோ என்று அடையாளமே தெரியாமல் போகிறது. 1968லேயே இங்கிலாந்து வைத்தியர்கள் இருவர் இதைக் கண்டு, 'மாறுவேஷப் படை' என்கிற பொருளில் இதற்கொரு லத்தீன் பெயரும் வைத்தார்கள். அதோடு தோல் காகிதம்போல் மெலிந்து, தொடையிடுக்கிலும் அக்குளிலும் வரி வரியாக வெடிக்கிறது. முகத்தில் போட்டவர்களுக்கு முகம் சிவந்து எரிந்து மயிர் முளைக்கிறது. சிவப்பாக வேண்டும் என்கிற பைத்தியத்தினால் இதே சரக்கை முகத்தில் பூசிக்கொள்ளுகிற பெண்பிள்ளைகளின் கதையை வேறொரு வாரம் தனியாக எழுத வேண்டும்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2018 மார்ச்சில், ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. அந்த வருஷம் செப்டம்பரில் 328 கலவை மருந்துகளைத் தடை செய்தபோது, இந்த மாதிரியான களிம்புக் கலவைகள் சிலவும் அதில் சேர்ந்திருந்தன. ஆனால் 'சீட்டு எங்கே?' என்று வாங்குகிறவனைக் கேட்கிற கடை எத்தனை என்பதைத் தோழர்கள் தங்கள் தெருவிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த அலட்சியத்தின் பலன் இப்போது நமது வீட்டோடு நிற்கவில்லை. டெர்பினாஃபின் என்கிற நல்ல மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சை இந்தியாவில் பரவிவிட்டது. ஜப்பானில் வைத்தியத்திற்கு வந்த ஓர் இந்தியரிடமிருந்தும் ஒரு நேபாளியிடமிருந்தும் எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து, 2020இல் அதற்கு இந்தியாவின் பெயரையே வைத்து 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று அழைத்தார்கள். 2023இல் அது அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் இரண்டு பேரிடம் காணப்பட்டதாக அந்நாட்டு சுகாதார இலாகா அறிவித்தது. கண்டபடி ஸ்டீராய்டு பூசியதும், மருந்தைப் பாதியில் நிறுத்தியதும் இது இவ்வளவு பரவியதற்கு முக்கியமான காரணங்கள் என்று தோல் வைத்தியர்கள் பலர் கருதுகிறார்கள். பூஜ்யத்தை உலகத்துக்குக் கொடுத்தோம் என்று மார்தட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளட்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? சிறிய அளவில், ஓரிடத்தில் இருக்கிற படைக்கு வெளிப்பூச்சு மருந்தே போதும். கிளோட்ரிமசோல், மைக்கோனசோல், டெர்பினாஃபின் இவைகளில் ஒன்று மாத்திரம் தனியாக உள்ள களிம்பாக இருக்க வேண்டும். டியூபின்மேல் எழுதியிருக்கிற பெயர்களைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எந்தப் பெயராவது கூட இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணம் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய மருந்தும் உண்டு. பென்சாயிக் அமிலம் நூற்றுக்கு 6, சாலிசிலிக் அமிலம் நூற்றுக்கு 3 சேர்ந்த விட்ஃபீல்டு களிம்பு. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கிலாந்து வைத்தியர் ஆர்தர் விட்ஃபீல்டு செய்தது; சற்று எரியும், மெதுவாகத்தான் கேட்கும். ஆனாலும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற சரக்கு. முகத்திலும் மறைவிடங்களிலும் புண்ணிலும் அதைப் போடக் கூடாது.

நாட்டு வைத்தியப் பிரியர்கள் சீமையகத்தியைச் சொல்லுவார்கள். வண்டுகொல்லி என்றும் அதற்குப் பெயர். அதன் இலையில் பூஞ்சையைத் தடுக்கிற சத்து இருப்பது உண்மைதான். பழமையானது என்பதற்காக நாம் எதையும் தள்ளுவதில்லை. ஆனால் சீமை என்று பெயரிலேயே இருக்கிறபடி அதுவும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்த செடிதானே தவிர, எந்த ரிஷியும் நட்டதல்ல. எவ்வளவு இலை, எத்தனை நாள், எவ்வளவு சத்து என்கிற கணக்கு அரைத்துப் பூசுவதில் இல்லை. களிம்பில் இருக்கிறது.

பூசுகிற விதத்தில்தான் அநேகர் தவறுகிறார்கள். வட்டத்தின் நடுவில் பூசிப் பிரயோஜனமில்லை; பூஞ்சை ஓரத்தில் இருக்கிறது. ஆகையால் வட்டத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளி ஆரம்பித்து உள்நோக்கிப் பூச வேண்டும். தோல் நன்றாக உலர்ந்த பிறகு, வைத்தியரோ டியூபோடு இருக்கிற காகிதமோ சொல்லுகிறபடி நாளைக்கு ஒரு வேளையோ இரண்டு வேளையோ பூச வேண்டும். அரிப்பு நின்றவுடன் நிறுத்துவதுதான் பெரிய தப்பு. அரிப்பு நிற்பது பாதி வழி. தோல் பார்வைக்குச் சுத்தமான பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும். வீட்டில் யார் யாருக்கு இருக்கிறதோ அவ்வளவு பேரும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். புருஷன் பூசி மனைவி பூசாமல் இருந்தால், படை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய் வந்துகொண்டுதான் இருக்கும். துண்டும் சோப்பும் ஆளுக்கொன்று. உள்துணியைச் சுடுதண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் போடுங்கள். பெண்கள் உள்துணியை மற்றத் துணிக்கு அடியில் மறைத்து, இருட்டு மூலையில் உலர்த்துகிற வழக்கம் இருக்கிறதே, அந்த மானம் பூஞ்சைக்குத்தான் உதவுகிறது. வெயிலில் போடுங்கள், பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகட்டும்.

படை பல இடங்களில் பரவியிருந்தாலும், தலையிலோ நகத்திலோ இருந்தாலும், ஒரு மாதம் ஒழுங்காகப் பூசியும் போகாவிட்டாலும், உள்ளுக்கு மாத்திரை வேண்டியிருக்கும். அது வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. கடைப் பையன் கொடுக்க வேண்டியதல்ல. அடிக்கடி திரும்பி வருகிறவர்கள் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சேற்றுப்புண் இருக்கிறவர்கள் விரலிடுக்கை உலர வைப்பதே பாதி வைத்தியம். யானைக்கால் உள்ளவர்கள் அதை அற்பமென்று விடக்கூடாது. அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி புகுந்து கால் வீங்கிக் குளிர்ஜுரம் வருகிறது.

தேமல் வேறு. அதை உண்டாக்குகிற பூஞ்சை நம் எல்லோருடைய தோலிலும் எப்போதும் இருப்பது. எண்ணெய்ப் பசையிலும் வேர்வையிலும் பெருகுகிறது. ஒட்டுவாரொட்டியல்ல. புலவர்கள் தேமலைப் பெண்களுக்கு அழகென்று பாடினார்கள்; அதே தேமல் வெள்ளையாக மார்பில் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் குஷ்டம் என்று கல்யாணத்தை நிறுத்துகிறார்கள். செலினியம் சல்ஃபைடு, கீட்டோகோனசோல் இவைகளுக்குக் கேட்கும். பூஞ்சை செத்த பிறகும் தோல் நிறம் திரும்பச் சில மாதங்கள் பிடிப்பதால் மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும்: வெளுத்த இடத்தில் கிள்ளினால் உணர்ச்சி இல்லையானால் அது தேமலல்ல, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குஷ்டத்திற்கும் இன்று பூரண குணம் உண்டு, மருந்தும் இலவசம்.

நெடுங்காட்டு அம்மையாரைப் பற்றிக் கேட்பீர்கள். மகன் கூட்டிக்கொண்டு போய்க் காரைக்கால் ஆஸ்பத்திரியில் காட்டினார். வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்பது. விசாரித்ததில் புருஷனுக்கும் இருந்தது, மருமகளுக்கும் இருந்தது, ஏழு வயதுப் பேத்திக்கும் இருந்தது. ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் மறைத்துச் சொறிந்துகொண்டு ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறார்கள். இப்போது நாலு பேரும் மருந்து சாப்பிடுகிறார்கள்.

நமது தொடையிலிருந்த வட்டம், ஸ்டீராய்டு இல்லாத களிம்பை ஒழுங்காகப் பூசிய ஏழாவது வாரத்தில் போய்விட்டது. அந்த எட்டு மாத டியூபினால் விழுந்த வெள்ளை வரிகள் மாத்திரம் இருக்கின்றன. அவை போகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.